பக்கமும் முகவரியும்: கணிப்பொறி நினைவகத்தின் வரலாறு



சத்தியவேட்டைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் பிறந்த முதியவர் ஒருவரிடம், "உங்கள் ஊர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது?" என்று கேட்டால், அவர் மூன்று விடைகள் கூற வேண்டியிருக்கும். பிறந்தபோது அவ்வூர் சென்னை இராச்சியத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லைகள் திருத்தப்பட்டபோது, திருத்தணி சென்னை இராச்சியத்தை வந்தடைந்தது. சத்தியவேட்டுப் பகுதியோ ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது, அவ்வூரின் முகவரி மீண்டும் மாறியது. இத்தனைக்கும் அவ்வூரின் கிணறோ, கோயிலோ, புளியமரமோ ஓரங்குலமும் இடம் பெயரவில்லை.

பெயர் வேறு, இடம் வேறு என்பதனை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது. பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கோ இது புதிய செய்தியன்று. வீடு மாறும், தெரு மாறும், நகரமும் மாறும். ஆயினும் பெயரைக் கூறினால் ஆளைக் கண்டுபிடித்துத் தருவதற்கு எங்கேனும் ஒரு பதிவேடு இருந்தால் போதும்.

அதே சத்தியவேட்டு மண்ணில் எழுந்ததுதான் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம். 2015ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் அங்கே ஷியோமி நிறுவனத்தின் கைப்பேசிகள் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கின. அத்தகைய கைப்பேசி ஒவ்வொன்றினுள்ளும், நாம் இப்பொழுது கூறிய "பெயர் வேறு, இடம் வேறு" என்னும் கொள்கை, ஒரு நொடியில் பல கோடி முறை செயற்படுகின்றது. கணிப்பொறியின் நினைவகம் பக்கங்களாகப் பகுக்கப்பட்ட வரலாற்றையும், பலவகை இயந்திரங்களுக்கும் பொதுவாக அப்பக்கங்களை ஆளக் கற்ற வரலாற்றையும் இன்று காண்போம்.

முதலில், பக்கம் என்பது யாது? திருமலைக்கு நடந்து ஏறும் அடியார்கள் அலிபிரியில் தம் மூட்டைகளை ஒப்படைத்துச் சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொள்கின்றனர். அவர்கள் படியேறிக்கொண்டிருக்க, மூட்டைகள் வண்டியில் மலைமேல் செல்கின்றன. மூட்டை அலிபிரியில் இருக்கின்றதா, மலைப்பாதையில் இருக்கின்றதா, மேலே வந்துவிட்டதா என்பது பற்றி அடியார்க்குக் கவலை இல்லை. சீட்டைக் காட்டினால் மூட்டை கைக்கு வரும். அஃதாவது, பொருள் இடம் பெயரலாம். அதன் எண் மாறுவதில்லை.

கணிப்பொறியில் ஓடும் நிரலுக்கும் இத்தகைய சீட்டுகளே தரப்படுகின்றன. நிரல் கூறும் முகவரி மெய்நிகர் முகவரி எனப்படும். உண்மையில் நினைவகத்தின் எந்த இடத்தில் அந்தச் செய்தி உள்ளது என்பது வேறு. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டும் பதிவேடே பக்க அட்டவணை. ஒவ்வொரு பைட்டுக்கும் தனித்தனிச் சீட்டு எழுதப் புகுந்தால் பதிவேடு பொருளைவிடப் பெரிதாகிவிடுமன்றோ? ஆதலின் நினைவகம் சம அளவுள்ள துண்டுகளாகப் பகுக்கப்படுகின்றது. அத்துண்டே பக்கம். அட்டவணையை எழுதிக் காப்பது இயங்குதளத்தின் நடுவே உள்ள கெர்னல் என்னும் கருநிரலின் பணி. அதனைப் படித்து முகவரியை மாற்றித் தருவது நுண்செயலியின் பணி.

இவ்வேற்பாடு தோன்றுமுன் நிலைமை எவ்வாறிருந்தது? 1960ஆம் ஆண்டு பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் தாமே அமைத்த கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. பின்னர் அது டிஃப்ராக் என்று பெயர் பெற்றது. அதன் காந்த வளைய நினைவகத்தில் 2,048 சொற்கள் அடங்கின. சொல் ஒன்றுக்கு 40 இருமக் குறிகள். இன்றைய கணக்கில் இது ஏறத்தாழப் பத்தாயிரம் பைட்டுகளே. அக்காலத்தில் உலகெங்கும் நிரல் எழுதுவோர் அனைவருக்கும் இருந்த இடர் ஒன்றே. கணக்கு பெரிது, நினைவகம் சிறிது. நிரலைத் தாமே துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எப்பொழுது உள்ளே வரவேண்டும், எது வெளியேற வேண்டும் என்று வரிசையிட்டு எழுதவேண்டியிருந்தது. கணக்கை எண்ணுவதினும் இடத்தை எண்ணுவதிலேயே அறிஞர்களின் காலம் கழிந்தது.

இந்தச் சுமையை இயந்திரத்தின் தோளுக்கு மாற்றியவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார். டாம் கில்பர்ன் தலைமையில், ஃபெராண்டி நிறுவனத்தின் துணையுடன் அமைக்கப்பட்ட அட்லஸ் என்னும் கணிப்பொறி 1962ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் விரைவான காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களுக்கே இருந்தது. சுழலும் உருளையிலோ 98,304 சொற்கள் அடங்கின. வளைய நினைவகத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்க நொடியில் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு போதும். உருளையிலிருந்து எடுக்கச் சராசரியாக நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு ஆகும். ஒன்றுக்கு மூவாயிரம் என்னும் வேறுபாடு அது.

அட்லஸ் அமைத்தோர் நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்தனர். வளைய நினைவகத்தில் 32 பக்கங்களுக்கு இடம் இருந்தது. ஓரிடத்திற்கு ஒன்றாக 32 பதிவிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு பதிவியும், தன் இடத்தில் இப்பொழுது அமர்ந்திருக்கும் பக்கம் எது என்பதை ஏந்தி நின்றது. நிரல் ஒரு முகவரியைக் கூறியவுடன் 32 பதிவிகளும் ஒரே வேளையில் ஒப்பு நோக்கப்படும். பொருந்தியது ஒன்று உண்டாயின் சொல் உடனே கிடைக்கும். எதுவும் பொருந்தாவிடின் நிரல் நிறுத்தி வைக்கப்பட்டு, மேற்பார்வை நிரல் உருளையிலிருந்து அப்பக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். பின்னர் ஒன்றும் நிகழாதது போல் நிரல் தொடரும். நிரல் எழுதுவோர்க்கு வளையமும் உருளையும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகமாகத் தோன்றின. ஆதலின் அவ்வேற்பாட்டை ஒருநிலைச் சேமிப்பகம் என்று அழைத்தனர்.

ஆயின், அளவுக்கு மீறி நிரல்களை உள்ளே அழைத்தால் இந்த ஏற்பாடும் இடர்ப்படும். ஒரு நிரலின் பக்கத்தைக் கொணர மற்றொன்றின் பக்கத்தை வெளியேற்ற நேரும். வெளியேற்றியது மறுகணமே வேண்டப்படும். இயந்திரம் உழைக்கும், வேலை நடவாது. ஒரு நிரல் ஒரு காலத்தில் உண்மையாகக் கையாளும் பக்கங்களின் தொகுதியை அறிந்து, அத்தொகுதி முழுவதற்கும் இடம் உள்ளபோதே அதனை ஓடவிட வேண்டும் என்று 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். அதன்பின் பக்கமுறை பல இயந்திரங்களிலும் வேரூன்றியது.

இனித்தான் நம் வரலாற்றின் இரண்டாம் பகுதி தொடங்குகின்றது. பக்கம் என்னும் எண்ணம் ஒன்றே ஆயினும், ஒவ்வோர் இயந்திரமும் அதனை ஒவ்வொரு விதமாக மேற்கொண்டது. 1977இல் வெளிவந்த வாக்ஸ் இயந்திரத்தில் பக்கம் 512 பைட்டுகள். 1985இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 80386 நுண்செயலியில் 4,096 பைட்டுகள். ஆல்ஃபா நுண்செயலியில் 8,192. அட்டவணையின் வடிவமும் ஒன்றாக இல்லை. 80386 அதனை இரு படிகளாக வைத்தது. பவர்பிசி வகையினவோ, முகவரியை ஒரு கணக்கால் சுருக்கி, அச்சுருக்கத்தைக் கொண்டு தேடும் வேறொரு முறையைக் கையாண்டன. மிப்ஸ் வகையினவற்றில் நுண்செயலி அட்டவணையைத் தானே படிப்பதில்லை. அண்மையில் கண்ட முகவரிகளைக் குறித்து வைக்கும் சிறு கைக்குறிப்பில் விடை இல்லையெனில், "நீயே தேடிக் கொடு" என்று கருநிரலிடம் விட்டுவிடும்.

அட்டவணையைப் பல படிகளாக அடுக்குவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நானூறு கோடிக்கு மேற்பட்ட முகவரிகளை 4,096 பைட்டுப் பக்கங்களாக வகுத்தால் 10,48,576 பக்கங்கள் வரும். பக்கம் ஒன்றுக்கு நான்கு பைட்டு வரி எழுதினாலும் அட்டவணைக்கே நாற்பது இலட்சம் பைட்டுகளுக்கு மேல் ஆகும். அதுவும் நிரல் ஒன்றுக்கு ஓர் அட்டவணை. நாட்டில் உள்ள வீடுகள் அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதாமல், மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என்று அடுக்கினால், ஆளில்லாத பகுதிக்கு ஏடே எழுத வேண்டுவதில்லை. படிமுறை அட்டவணையும் அத்தகையதே. முகவரி வெளி பெருகப் பெருகப் படிகளும் பெருகுகின்றன.

இத்தனை வேற்றுமைகளுக்கு நடுவே ஒரு கருநிரலை எழுதுவோர் யாது செய்வது? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எந்தப் பக்கத்தை வெளியேற்றலாம் என்று தேர்வதற்கு, அண்மையில் எந்தப் பக்கம் தொடப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். பல இயந்திரங்கள் பக்கத்தைத் தொட்டவுடன் அட்டவணையில் ஓர் அடையாளம் இடுகின்றன. வாக்ஸ் இயந்திரத்தில் அவ்வசதி இல்லை. 1979இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை அவ்வியந்திரத்திற்கு விரித்தெழுதியவர்கள் ஒரு சூழ்ச்சி செய்தனர். பக்கம் உள்ளே இருக்கும்போதே "இல்லை" என்று அட்டவணையில் பொய்யாக எழுதி வைத்தனர். நிரல் அதனைத் தொட்டதும் இயந்திரம் கருநிரலை அழைக்கும். கருநிரல் "தொடப்பட்டது" என்று குறித்துக்கொண்டு "உண்டு" என்று திருத்தி எழுதும். வன்பொருளில் இல்லாத ஒன்றை மென்பொருளால் நிரப்பிய திறம் இது. ஆயினும் இத்தகைய திருத்தங்கள் கருநிரலெங்கும் சிதறிக் கிடந்தால், அடுத்த இயந்திரம் வரும்பொழுது அனைத்தையும் மீண்டும் எழுத நேரும்.

இதற்கு முறையான விடை கண்டது கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரஷீத் குழுவினர் உருவாக்கிய மாக் என்னும் கருநிரல். அவர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வுரையில் நினைவக ஆட்சியை இரண்டாகப் பிரித்தனர். எந்த நிரலுக்கு எந்தப் பகுதி உரியது, எதனைப் பகிரலாம், எதனை வெளியேற்றலாம் என்பன பொதுப் பகுதி. இயந்திரம் எதுவாயினும் அது மாறாது. அட்டவணையை எவ்வடிவில் எழுதுவது என்பது மட்டும் இயந்திரத்துக்கே உரிய சிறு பகுதி. புதிய இயந்திரம் வந்தால் அச்சிறு பகுதியை மட்டும் எழுதினால் போதும். உண்மையான செய்தி பொதுப் பகுதியில் இருக்கும். இயந்திரத்தின் அட்டவணை அழிந்தாலும் அதிலிருந்து மீண்டும் எழுதிக்கொள்ளலாம்.

லினக்ஸ் கருநிரலோ இப்பாடத்தை நடைமுறையில் கற்றுக்கொண்டது. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் அதனைத் தம் 80386 கணிப்பொறிக்காகவே எழுதினார். வேறு இயந்திரங்களுக்கு அது ஏற்றதன்று என்று அறிவிப்பிலேயே அவர் கூறிவிட்டார். ஆயின், நான்கே ஆண்டுகளில், 1995 மார்ச்சில் வெளிவந்த 1.2 பதிப்பில், ஆல்ஃபா உள்ளிட்ட பிற இயந்திரங்களுக்கும் இடம் கிடைத்தது. ஆல்ஃபாவின் அட்டவணை மூன்று படிகளை உடையது. ஆதலின் பொதுப் பகுதி எங்கும் மூன்று படிகள் உள்ளனவாகவே எழுதப்பட்டது. இரண்டே படிகள் உள்ள 80386 போன்றவற்றில் நடுப்படி பெயரளவில் மட்டும் நின்று மடிந்துகொண்டது. 2005இல் நான்காம் படியும் 2017இல் ஐந்தாம் படியும் சேர்ந்தபோதும் இதே வழி பின்பற்றப்பட்டது. பக்கத்தின் அளவும் எண்ணாக எழுதப்படாமல், "பக்க அளவு" என்னும் பெயராலேயே குறிக்கப்பட்டது. ஒவ்வோர் இயந்திரத்தின் பகுதியும் அப்பெயருக்கு உரிய எண்ணைத் தரும்.

கருநிரல் கற்ற இப்பாடத்தை, அதன்மேல் ஓடும் நிரல்களை எழுதுவோர் அனைவரும் கற்றார்களா? இல்லை. நாற்பதாண்டுக் காலம் பெரும்பாலான கணிப்பொறிகளில் பக்கம் 4,096 பைட்டுகளாகவே இருந்தமையால், அது இயற்கை விதி போலவே தோன்றிவிட்டது. இப்பொழுது மீண்டும் ஸ்ரீசிட்டிக்கு வருவோம். நம் கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகை நுண்செயலிகளின் 64 இரும வடிவம் 4,096, 16,384, 65,536 என்னும் மூன்று பக்க அளவுகளுக்கு இடம் தருகின்றது. பக்கம் பெரிதானால் அட்டவணை சுருங்கும், கைக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் மிகுதியான இடத்தைக் காட்டும், வேகம் கூடும். ஆயின் வீணாவதும் கூடும். 5,000 பைட்டுச் செய்தி ஒன்றை 4,096 பைட்டுப் பக்கங்களில் வைத்தால் இரு பக்கங்கள் செல்லும். 3,192 பைட்டுகள் வீண். 16,384 பைட்டுப் பக்கத்தில் வைத்தால் 11,384 பைட்டுகள் வீண். முன்பு நினைவகம் அரிதாக இருந்தமையால் சிறு பக்கம் பொருந்தியது. நினைவகம் பெருகிய இன்று கணக்கு மாறிவிட்டது.

ஆகவே, 2024இல் வெளிவந்த ஆண்டிராய்டு 15, 16,384 பைட்டுப் பக்கங்களையும் ஏற்றது. புதிய ஆண்டிராய்டை நோக்கி எழுதப்படும் நிரல்கள் அவ்வளவிலும் இயங்க வேண்டும் என்று, 2025 நவம்பர் முதல் நாளிலிருந்து கூகுள் தன் நிரற் கடையில் விதி வகுத்தது. 4,096இன் எல்லைகளில் மட்டும் பொருந்துமாறு தொகுக்கப்பட்ட நிரற் பகுதிகள், பெரிய பக்கத்தின் எல்லையில் பொருந்தாமல் ஏற்றப்படாமலேயே நின்றுவிடும். எழுதியவர் எவ்வளவு திறமையுடையவராயினும், அவர் உறுதி என நம்பிய ஓர் எண் அவர் காலடியிலிருந்து நழுவிவிட்டது.

திருப்பதி மாவட்டத்தின் மற்றொரு கோடியில், இதற்கு நேர்மாறான தேவை ஒன்று உண்டு. 2022 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, இப்பொழுது இம்மாவட்டத்தைச் சேர்ந்துள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவையே குறிப்பிடுகின்றேன். அங்கிருந்து எழும் ஏவூர்திகளில் 2009 முதல் விக்ரம் 1601 என்னும் நம் நாட்டு 16 இரும நுண்செயலி பயன்பட்டு வந்தது. அதன் 32 இரும வழித்தோன்றலான விக்ரம் 3201, 2024 டிசம்பர் 30ஆம் நாள் எழுந்த பி.எஸ்.எல்.வி. சி60 பயணத்தில் சோதிக்கப்பட்டது. இத்தகைய கட்டுப்பாட்டுப் பணிகளில், குறித்த வேலை குறித்த நொடிப் பகுதிக்குள் முடிந்தே தீரவேண்டும். பக்கம் வந்து சேரும்வரை காத்திருக்க ஏவூர்திக்கு நேரம் இல்லை. ஆதலின் இத்துறையில் நிரல் முழுவதையும் முன்னரே நினைவகத்தில் நிறுத்தி வைப்பதே வழக்கம். எக்கருவியும் எல்லா இடத்துக்கும் உரியதன்று என்பதை அறிதலும் அறிவேயாகும்.

இவ்வரலாற்றால் நமக்கு விளைந்த நன்மை யாது? விடையைச் சென்னையில் காணலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி குழுவினர் சக்தி என்னும் நுண்செயலி வரிசையை உருவாக்கினர். அதற்கு அடிப்படை, 2010இல் பெர்க்லியில் தோன்றி எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்கதாக விடப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதி. அதன் பக்கமுறை ஒன்றில், 39 இருமக் குறிகள் கொண்ட முகவரி மூன்று படிகளாகப் பிரிக்கப்படுகின்றது. பக்கம் 4,096 பைட்டுகள். 2018 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.15 பதிப்பில் இக்கட்டளைத் தொகுதிக்கு இடம் தரப்பட்டது. அதே ஆண்டில் சக்தி வகை நுண்செயலிகள் சில்லாக வடிக்கப்பட்டு லினக்ஸை இயக்கிக் காட்டின. 2025 பிப்ரவரியில், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய ஐரிஸ் என்னும் சக்தி வகைச் சில்லும் சென்னையில் வெற்றியுடன் இயங்கத் தொடங்கியது.

நேயர்கள் இங்கே ஒன்றை ஊன்றிக் கருத வேண்டும். ஒரு நாடு தனக்கென ஒரு நுண்செயலியைச் செய்துகொள்ளலாம். ஆயின் அதன்மேல் ஓடக் கருநிரல் இல்லையெனில் அது வெறும் கல். பல்லாயிரவர் பல ஆண்டுகள் எழுதிய கருநிரலை எந்த நாடும் தனித்து மீண்டும் எழுத இயலாது. பொதுவானதையும் இயந்திரத்துக்கே உரியதையும் முன்னோர் பிரித்து வைத்தமையாலேயே, புதிதாக வந்த நுண்செயலிக்கும் அங்கு இடம் கிடைத்தது. முதல் கருநிரல் 80386இன் வழக்கங்களிலேயே உறைந்து போயிருந்தால், சென்னையில் செய்த சில்லுக்குக் கதவு திறந்திராது.

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புணேயிலும் நம் இளைஞர் பலர் நிரல் எழுதி வாழ்கின்றனர். அவர்கள் இந்த வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க நடைமுறைப் பாடம் எளியது. பக்கத்தின் அளவை எண்ணாக எழுதாதீர். இயங்குதளத்தைக் கேட்டு அறிந்துகொள்வீர். நீங்கள் எழுதும் நிரல் நாளை எந்த இயந்திரத்தில் ஓடும் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். சத்தியவேட்டில் 1959இல் முகவரி எழுதியவரும், அடுத்த ஆண்டே தம் ஊர் வேறொரு மாநிலத்தைச் சேருமென்று எண்ணியிருக்கமாட்டார். எனினும் அவ்வூருக்கு எழுதிய கடிதங்கள் சென்று சேர்ந்தன; எங்கோ ஒருவர் பதிவேட்டைத் திருத்தி வைத்திருந்தார்.